"சீ" என்று சொன்னவர் யார்?

புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து, முன்னாளில் எம்மிடம் ஓதிய பெண்மணி ஒருவர் சென்ற மாதம் எம்மை நாடி வந்தார். அவருடைய தாயாருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. நான்காண்டுகளாக நினைவு தேய்ந்து வருகிறது. சற்று முன் உண்டதை மறந்து, "எனக்குச் சோறு தருவதில்லை" என்று அண்டை வீட்டாரிடம் முறையிடுகிறார். கணவர் பினாங்கில் கடை வைத்திருந்த காலம் மட்டும் அழியாமல் நிற்கிறது. "உன் அத்தாவிடமிருந்து கடிதம் வந்ததா?" என்று நாள்தோறும் கேட்கிறார். "அத்தா மௌத்தாகி இருபதாண்டாயிற்றே" என்று மகள் சொன்னபோதெல்லாம், அன்றுதான் கேட்டவர்போல் கதறினார். "நாளைக்குத் தபால் வரும் அம்மா" என்று சொல்ல இப்போது மகள் கற்றுக்கொண்டார். இதைப் பொய் என்பாரும் உளர். புண்ணுக்கு இட்ட மருந்து என்போம் நாம்.

ஓரிரவு, நான்காம் முறையாக வாசற்கதவைத் திறந்து வெளியேற முயன்ற தாயிடம் "சீ!" என்று சொல்லிவிட்டாராம். விடுமுறையில் வந்திருந்த மூத்த சகோதரர், பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23-ஆம் வசனத்தைக் காட்டித் தங்கையைக் கண்டித்திருக்கிறார். "ஹஜ்ரத், எனக்கு மன்னிப்பு உண்டா?" என்று அப்பெண் அழுதார்.

அச்சகோதரரிடம் நாம் கேட்கிறோம்: அவ்வசனத்தில் "இந்தக" என்றொரு சொல் இருப்பதைக் கண்டீரா? "உன்னிடத்தில்" என்பது அதன் பொருள். முதுமையடைந்த தாய் உம்மிடத்தில் ஓரிரவேனும் இருந்ததுண்டா? தாயைத் தம்மிடத்தில் வைத்துக்கொள்ளாதவருக்குச் "சீ" என்று சொல்ல வாய்ப்பே இல்லை. வாய்ப்பில்லாமையைப் புண்ணியமாகக் கணக்கெழுதலாகாது. இயலாத பெற்றோரைப் பேணும் பொறுப்பு ஆண்மக்களுக்கும் உண்டு. சொத்தில் மகனுக்கு இரு பங்கு என்பதை மறவாத நாவு, தாயின் இரவுகளைப் பங்கிடும்போது மட்டும் மறந்துபோவதேன்? மறதி நோய் தாய்க்கா, மைந்தருக்கா?

ஊராரும் குற்றமற்றவரல்லர். "தொழுகையை மறக்க விட்டாளே" என்று மகளைத் தூற்றுகின்றனர். அறிவு தெளிவாக இருப்போர் மீதே மார்க்கக் கடமைகள் விதிக்கப்படுகின்றன. புத்தி நீங்கியவருக்கு எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்பது நபிமொழி. வேறு சிலரோ ஜின்னின் சேட்டை என்று தாயத்துக் கட்டச் சொல்கின்றனர். அறிந்திருந்தவர் யாவும் அறியாதவராகும் தள்ளாத பருவத்தை, நஹ்ல் அத்தியாயத்தின் 70-ஆம் வசனமும் ஹஜ் அத்தியாயத்தின் 5-ஆம் வசனமும் மனித வாழ்வின் ஒரு நிலையாகவே கூறுகின்றன. ஜின்னைப் பற்றிய பேச்சு அங்கே இல்லை.

இது மூளையைப் பற்றும் நோய். இதன் முதன்மையான வகையை 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்தார். 1910 முதல் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அதை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும் பி12 உயிர்ச்சத்துக் குறைவாலும், தைராய்டுச் சுரப்புக் குறைவாலும், மனச்சோர்வாலும் வரும் மறதியைச் சிகிச்சையால் சீராக்க இயலும். எனவே தாயத்தை விட்டு முதலில் மருத்துவரிடம் செல்லுங்கள். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகள் பராமரிப்புத் தொகை தரவேண்டுமென 2007-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. ஆனால் பணத்தோடு கடமை முடிந்துவிடாது. ஆண்டில் ஒரு மாதமேனும் மகன் வந்து தாயருகே படுத்துறங்கட்டும். தங்கை அந்த ஒரு மாதம் கண்ணயரட்டும். அப்போது தெரியும், "சீ" என்னும் சொல் எங்கிருந்து பிறக்கிறது என்று.

அப்பெண்ணுக்கு நாம் சொன்னது இதுதான்: "மகளே, களைப்பில் வாய்தவறிய ஒரு சொல்லுக்காகத் தவ்பாச் செய்தாய், அல்லாஹ் மன்னிப்பவன். நான்காண்டுகளாக வாய்திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல், தாயின் அருகேயும் வராமல் இருந்தார்களே, தவ்பாவுக்கு அவர்கள் விரையட்டும்."