பதிவேட்டில் பேர், திண்ணையில் பிள்ளை

பசுவந்தனைப் பக்கத்தில் நமக்கெல்லாம் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கும். பள்ளிக்கூட மணி அடித்த பிறகும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளை. தாயிடம் கேட்டிருக்கிறோம்: “என்ன மதினி, பய பள்ளிக்கூடம் போகலையா?” “பேரு இருக்கு மதினி” என்று பதில் வரும். அதற்கு மேல் நாம் கேட்டதில்லை. இந்தக் குற்றம் ஊருக்கே பொது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 5 முதல் 19 வயது வரையுள்ள மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளில் 61 சதவீதம் பேர்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். 27 சதவீதம் பேர் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. மீதி 12 சதவீதம் பேர் போய்விட்டு நின்றவர்கள். எந்த வகுப்பில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதைக் கணக்கெடுப்பு சொல்லாது. அதற்கு ஒரே பிள்ளையை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். ‘யங் லைவ்ஸ்’ ஆய்வு ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஏறத்தாழ 3,000 பிள்ளைகளை 2002 முதல் அப்படித்தான் பின்தொடர்கிறது. நமக்கோ அதெல்லாம் செலவில்லாமல் கிடைத்திருந்தது. ஒரே தெருவில் பத்து வருடம் கூடவே இருந்தோம், ஆனாலும் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அஞ்சாப்பு வரைக்கும் தாயின் இடுப்புதான் வாகனம். பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது பாரம் தாங்காது. ஆறாப்புக்குப் பள்ளிக்கூடமும் தூரமாகிவிடும். பெண்பிள்ளை என்றால் பெரியமனுஷியான பிறகு, கைப்பிடி இல்லாத கழிப்பறை ஒன்றே போதும் வீட்டோடு நிறுத்த.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கரிசல் காலை விடாது. நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுவோம். ஊன்றுகோலில் வரும் பிள்ளைக்கு, ஊன்றிய கோல் மண்ணுக்குள் இறங்கும். பிடுங்கினால் முனையில் உருண்டையாக மண் அப்பிக்கொண்டு வரும். நாலு எட்டு வைப்பதற்குள் கோலே பாரமாகிவிடும். சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் சுற்றாமல் புதைந்து நிற்கும். பள்ளிக்குள் சாய்தளம் கட்டியாயிற்று. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்று அளவெல்லாம் உண்டு. தெருவிலிருந்து அந்தச் சாய்தளம் வரைக்கும் நாலு லோடு சரள் அடிக்க நமக்குத் தோன்றவில்லை. கோயில் கொடைக்குப் பந்தல் போடுகிற இடத்தில் ஒரே ராத்திரியில் சரள் அடிக்கத் தெரிந்தவர்கள்தான் நாம்.

தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர இந்தக் கரிசல் காடு எவ்வளவோ பாடுபட்டது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். வேலைக்குப் போன பிள்ளை கணக்கில் வந்தது. எங்கேயும் போக முடியாத பிள்ளை அதே வீட்டு மூலையில் இருந்தது. அதைப் பற்றி நாம் யாரும் வாய் திறக்கவில்லை. இத்தனைக்கும், காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பள்ளிகள் வந்துவிட்டன. ஆய்க்குடியில் 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கழுத்துக்குக் கீழ் செயலிழந்த ஒருவர் செய்த வேலை அது. நல்லவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் இருந்துவிட்டோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், கடுமையான ஊனமோ பல்வகை ஊனமோ உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையைக் கொடுத்தது. நடக்கவே முடியாத பிள்ளைக்கு அது பெரிய துணை. ஆனால் ஒரு பாதையும் ஒரு கைப்பிடியும் இருந்தால் வகுப்பில் உட்காரக்கூடிய பிள்ளையையும், “வீட்டுக்கே டீச்சர் வாராங்கல்ல” என்று நாம் திண்ணையிலேயே விட்டோம். அந்த டீச்சர் போன பிறகு மீதி நாளெல்லாம் அந்தப் பிள்ளை யாரோடு பேசும், யாரோடு விளையாடும்? பள்ளி மேலாண்மைக் குழுவில் இந்தப் பெற்றோருக்கும் இடம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு அந்தத் தாயை நாம் கூப்பிட்டோமா? கூப்பிட்டாலும், அவள் வந்திருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நம்மில் ஒருத்தர் போனோமா?

கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2010இல் ஆறு வயதாக இருந்த இந்தப் பிள்ளைகளுக்கு 2022இல் பதினெட்டு முடிந்துவிட்டது. இலவசக் கல்விக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வைத்த வயது வரம்பும் அதோடு தீர்ந்தது. பசுவந்தனை வட்டாரத்தில் அவர்களில் யார் யார் எந்த வகுப்பில் நின்றார்கள் என்று எழுதிய பட்டியல் நம் கையில் இல்லை. அடுத்த கிராம சபைக்குள் நாம் அதை எழுதலாம். அவர்களில் பலர் இன்னும் அதே வீடுகளில்தான் இருக்கிறார்கள், தாய்மாருக்குத் தேதி உட்பட எல்லாம் நினைவிருக்கிறது.