குதிரை குறையும், கிலோ குறையாது

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் குர்காவிலிருந்து அக்கா மகன் போன்.

"மாமா, வர்ற ஜூலையில லடாக் போறோம். ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர், ஆளுக்கொரு வண்டி. எனக்கு ஒண்ணு எடுக்கணும். 450 சிசி எடுக்கட்டுமா, 200 எடுக்கட்டுமா?"

அவன் வைத்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, சங்கரன்கோவிலிலிருந்து அக்கா. "தம்பி, நீ சொன்னாத்தான் அவன் கேப்பான். போகவே வேண்டாம்னு சொல்லிருடா."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. குலு கிளையில் மூன்று வருஷம் குப்பை கொட்டியபோது, இரண்டாம் சனிக்கிழமை வந்தால் மோட்டார் சைக்கிளில் மலையேறியவன் நான். அதனால் போகாதே என்பதை விட, எதில் போகவேண்டும் என்று சொல்வதுதான் மாமன் வேலை. டெல்லி, சண்டிகர் பக்கம் பிள்ளைகளோடு இருக்கும் நம்மவர்கள் பல வீட்டிலும் மே மாதம் ஆனால் இந்தப் பேச்சு கிளம்பிவிடுகிறது. அவனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

படித்தது பி.காம். எஞ்சினியர் சாமிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வரவு செலவு பார்க்கத் தெரியும். மலைக்கும் ஒரு பேலன்ஸ் ஷீட் உண்டு.

முதலில் பெரிய எஞ்சின் கட்சியின் வாதம். உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைந்தால் அது எரிக்கும் பெட்ரோலும் குறையும், சக்தியும் குறையும். 4,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மணாலி - லே ரோட்டின் உச்சியான தங்லாங் லா 5,328 மீட்டர். அங்கே 60 சதவீதம்கூட இல்லை. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் ஏறக்குறைய அதே கணக்கில் இறங்கும்.

ஆக, சென்னையில் 18 குதிரை சக்தி கொடுக்கும் எக்ஸ்பல்ஸ் 200, தங்லாங் லாவில் பத்து பத்தரைதான் கொடுக்கும். 40 குதிரை கொடுக்கும் ஹிமாலயன் 450 அங்கேயும் 23 வைத்திருக்கும். "எப்படியும் நாற்பது சதவீதம் போகப்போகுது, கொஞ்சம் அதிகமா வச்சுக்கிட்டுப் போனா என்ன?" இதுதான் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான்.

ஆனால் கடன் மனு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதல்ல, எவ்வளவு தேவை என்பது. அதையே இங்கேயும் கேட்போம்.

வண்டி 158 கிலோ, ஓட்டுபவர் 70, பின்னால் ஒருவர் 60, மூட்டை 25. மொத்தம் 313 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் செங்குத்தான ரோடு. வேகம் 30 கிலோமீட்டர். இந்த எடையை மேலே ஏற்ற மூன்றரை குதிரை போதும். குண்டும் குழியுமான ரோட்டின் இழுவைக்கு இன்னொரு ஒன்று, ஒன்றரை போடுங்கள். ஆகச் செலவு ஐந்து குதிரை. கையிருப்பு பத்து.

அந்த ரோட்டில் 30-க்கு மேல் எதில் போனாலும் புத்திசாலித்தனம் இல்லை. சின்ன எஞ்சின் முதல் கியரிலும் இரண்டாவதிலும் கத்திக்கொண்டே ஏறும். ஹேர்பின் வளைவில் பின்னால் ஆளை வைத்துக்கொண்டு நின்று கிளம்பினால் கிளட்ச் வாசனை மூக்கைத் துளைக்கும். அழகாக இருக்காது. ஆனால் ஏறிவிடும். குலுவில் நான் கையெழுத்துப் போட்ட டூவீலர் கடன்களில் முக்கால்வாசி 100, 125 சிசி வண்டிகள். ஆப்பிள் தோட்டக்காரரும் ஸ்கூல் வாத்தியாரும் அதில்தான் தினம் மலை ஏறி இறங்குகிறார்கள். அவர்களில் யாரும் 'பவர் பத்தல சார்' என்று வந்து நின்றதில்லை.

இனி பேலன்ஸ் ஷீட்டின் மறுபக்கம். எடை.

எக்ஸ்பல்ஸ் 200 4வி 158 கிலோ. ஹிமாலயன் 450 196 கிலோ. வித்தியாசம் 38 கிலோ, ஒன்றரை சிப்பம் அரிசி. சீட் உயரம் இரண்டுக்கும் 825 மில்லிமீட்டர்தான். ஆகவே கால் எட்டுவதில் வித்தியாசம் இல்லை, எட்டிய காலில் எவ்வளவு பாரம் சாய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

எல்லாரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று. காற்று குறைவது எஞ்சினுக்கு மட்டும் இல்லை, ஓட்டுகிற ஆளுக்கும்தான். சண்டிகரில் 200 கிலோ வண்டி சாய்ந்தால் தம் பிடித்து நிமிர்த்திவிடுவீர்கள். 4,500 மீட்டரில் ஷூ லேஸ் கட்டக் குனிந்து நிமிர்ந்தாலே மூச்சு வாங்கும். எஞ்சினிடம் ஐந்து குதிரை மிச்சம் இருக்கிறது. நம்மிடம் மிச்சம் எதுவும் இல்லை. குதிரை சக்தி மலையில் குறையும். கிலோ குறையாது. கீழே 196 என்றால் மேலேயும் 196.

இதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கொசுவத்தி கொஞ்சம் சுத்திக்கொள்கிறேன்.

2022 ஆகஸ்ட். தங்கமணியைப் பின்னால் வைத்துக்கொண்டு சந்திரதால் கிளம்பினேன். பெரிய எஞ்சின் வண்டி, பெட்டி மூட்டையெல்லாம் சேர்த்து 220 கிலோவுக்கு மேல் இருக்கும். 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்தபிறகு ரோதங் ஏறவேண்டியதில்லை. 9 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்தால் அந்தப் பக்கம் லாஹுல். அந்தச் சொகுசில் காலையில் நிதானமாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியது முதல் தப்பு.

கிராம்ஃபூவில் திரும்பிய பிறகு பாத்தல் வரை அதை ரோடு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். உருண்டைக் கற்கள், நடுநடுவே நாலா. பனி உருகி மலையிலிருந்து ரோட்டின் குறுக்கே ஓடும் ஓடைக்கு அங்கே நாலா என்று பெயர். காலையில் கணுக்கால் அளவு இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி மத்தியானம் முழங்கால் அளவு ஆகிவிடும். சோட்டா தாரா தாண்டி ஒரு நாலாவை நாங்கள் தொட்டபோது மணி இரண்டு.

"ஏங்க, நான் இறங்கி நடந்து வரட்டுமா?" என்றாள். செருப்பு நனையும், உட்காரு என்றேன். அது இரண்டாவது தப்பு.

நடு நாலாவில் முன்சக்கரம் ஒரு கல்லில் முட்டி நின்றது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. ஐந்து டிகிரி சாயும்வரை காலால் தாங்கலாம். அதற்கு மேல் அது நம் வண்டி இல்லை. சாய்ந்துவிட்டது. தங்கமணியின் இடது கால் வண்டிக்கடியில்.

தூக்கினேன். வரவில்லை. மறுபடி தூக்கினேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. பனித் தண்ணீர் இடுப்பு வரை நனைக்க, அவள் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அந்த நேரத்தில் அந்த எஞ்சினின் ஒரு குதிரைகூட எனக்கு உதவிக்கு வரவில்லை.

நாலைந்து நிமிஷம் இருக்கும். பின்னால் சின்ன வண்டிகளில் வந்த மூன்று பையன்கள் ஓடிவந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து நிமிர்த்தினோம். கணுக்காலில் விரிசல். ஒரு சரக்கு லாரியில் ஏற்றி மணாலி வந்து சேர ராத்திரி பத்து மணி. ஆறு வாரம் மாவுக்கட்டு.

தப்பு வண்டியுடையது இல்லை, என்னுடையதுதான். ஆனால் ஒன்று கவனித்தேன். எங்களைத் தூக்கிவிட்ட பையன்களில் ஒருவனும் அதே நாலாவில் சாய்ந்தான். தானே நிமிர்த்தி, சைலன்சரில் புகுந்த தண்ணீரை இருமவைத்து, சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவனும் அதே தப்பைத்தான் செய்தான். அவனுக்கு அபராதம் நனைந்த சாக்ஸ். எனக்கு ஆறு வாரம்.

ஆகவே என் கட்சி இதுதான். மலைக்கு வண்டி எடுக்கும்போது அது ஏறுமா என்று கேட்காதீர்கள். இன்றைக்கு வருகிற வண்டி எல்லாம் ஏறும். அதுவும் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபிறகு ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இஞ்செக்‌ஷன். காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் காலத்தில் கரும்புகை விட்டுப் பிளக் அடைத்துக்கொண்டு நின்ற கதை இப்போது இல்லை. கேட்கவேண்டிய கேள்வி: விழுந்தால் நான் ஒரே ஆளாகத் தூக்குவேனா?

அப்படியானால் பெரிய எஞ்சின் வேண்டவே வேண்டாமா? அப்படியும் இல்லை. எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு.

டெல்லியிலிருந்து மணாலி வரைக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல் நெடுஞ்சாலை. இரண்டு பேர் உட்கார்ந்து சின்ன எஞ்சினை 80-க்கு மேல் நாள் முழுக்க விரட்டினால் கை மரத்துவிடும். லாரியை முந்தும்போது மனசு திக்திக் என்று இருக்கும். முந்த முடியாமல் பாதியில் மாட்டுவதும் ஆபத்துதான். 4,700 மீட்டர் உயரத்தில் 40 கிலோமீட்டர் நேராகப் போகும் மோரே சமவெளியில் எதிர்க்காற்று அடித்தால் சின்ன வண்டி திணறும். ஆறடி உயரம், 80 கிலோ உடம்பு, நாலைந்து வருஷம் மண் ரோட்டில் ஓட்டிய அனுபவம் - இப்படிப்பட்டவருக்கு 450 பொருத்தமே. வருஷம் முழுக்க நெடுஞ்சாலை, ஒரு வாரம் மலை என்பவருக்கும் அப்படியே.

நடுவழியும் இருக்கிறது. 2025-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 210-ல் சுமார் 24 குதிரை. 2016-ல் வந்த பழைய ஹிமாலயன் 411-ன் சக்தியும் அதேதான். ஆனால் எடை 170 கிலோவுக்குள். பழைய 411 கடைசியில் 199 கிலோவில் வந்து நின்றது. அதே சக்தி, 30 கிலோ குறைவு. எனக்குப் பிடித்த கணக்கு இது.

இனி என் தொழில். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350-க்கு மேல் போனால் 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து 31. 2022 ஜூனில் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் 150 முதல் 350 சிசி வரை 1,366 ரூபாய், அதற்கு மேல் 2,804. அரசாங்கம் 350-ல் கோடு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டினால் ஒவ்வொரு இடத்திலும் கூடுதல் படி அளக்கவேண்டும்.

ஒரு லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில் 36 மாதம் என்றால் தவணை சுமார் 3,274 ரூபாய். பெரிய வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூட என்றால் மாதம் 4,900 ரூபாய் கூட. அந்தப் பணத்தில் நல்ல பூட்ஸ், முழங்கால் கவசம், கையுறை வாங்கலாம். மண் ரோட்டில் ஓட்டும் பயிற்சி ஒன்றுக்குப் போகலாம். முக்கியமாக, சம்பளமில்லா விடுப்பு மூன்று நாள் எடுத்து ஜிஸ்பாவில் தங்கி உடம்பை உயரத்துக்குப் பழக்கிக்கொள்ளலாம். 5,300 மீட்டரில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த மூன்று நாள்தான்.

மருமகனுக்குச் சொன்னது: "மாப்ள, உன் வெயிட்டு 58 கிலோ. நீ தனியா போற. இதுவரைக்கும் மண் ரோட்டுல ஓட்டினதில்ல. சின்னது எடு. நம்பிக்கை இல்லன்னா மணாலி போய் ரெண்டு வண்டியும் ஆளுக்கொரு நாள் வாடகைக்கு எடு. புல்தரையில படுக்கப் போடு. தனியா தூக்கு. எதைத் தூக்க முடியுதோ அது உன் வண்டி."

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 450 மாமா..." என்று இழுத்தான். அதுதான் நிஜப் பிரச்சினை. எஞ்சின் சைஸ் பாதிப்பேருக்கு மலைக்காக இல்லை, மலையில் எடுக்கும் போட்டோவுக்காக. நம்மூர்ப் பையன்களுக்கு, சென்னைப் பக்கத்தில் செய்கிற வண்டியில் லடாக் போகிறோம் என்ற பெருமை வேறு. அந்தப் பெருமை எனக்கும் இருந்தது. குறை சொல்லமாட்டேன்.

தங்கமணியிடம் போனைக் கொடுத்தேன். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "தம்பி, தண்ணி ஓடுற எடத்துல காலைல ஒன்பது மணிக்குள்ள தாண்டிடு. உங்க மாமா மாதிரி பரோட்டா தின்னுட்டு உக்காந்திருக்காத."

அவன் என்ன எடுக்கப்போகிறான் என்று இன்னும் சொல்லவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. போகவேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் என்னைத்தான் திட்டுவாள். திட்டட்டும்.

டிஸ்கி: எந்த வண்டிக் கம்பெனியிலும் எனக்குப் பங்கு கிடையாது. கடன் வேண்டுமென்றால் மட்டும் கிளைக்கு வரலாம், மூன்று மாதச் சம்பளச் சீட்டோடு :-)