குற்றப்பத்திரிகை தீர்ப்பல்ல!

மறியல் நடந்து மாதங்கள் பல உருண்டோடிவிட்டன. எல்லோரும் மறந்திருக்கும் வேளையில் சம்மன் வந்து கதவைத் தட்டுகிறது. "குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது, இன்ன தேதியில் கோர்ட்டில் ஆஜராக வேண்டும்" என்கிறது அந்தத் தாள். வீட்டிலே கண்ணீர், தெருவிலே முணுமுணுப்பு, ஆலை வாசலிலே, "இனி வேலை நிலைக்குமா?" என்ற கேள்வி.

தோழர்கள் ஒன்றை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். குற்றப்பத்திரிகை என்பது போலீசாரின் வாதம், நீதிபதியின் தீர்ப்பல்ல. குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு சர்க்காருடையதே. நமக்கெதிராக நாமே சாட்சி சொல்லும்படி எவரும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியல் சட்டத்தின் 20ஆம் பிரிவு கூறுகிறது.

ஆகவே, ஓடி ஒளிவது கூடாது. வாய்தாவுக்குப் போகாதவரைத் தேடிப் பிடிவாரண்டு வரும். கிடைத்த ஜாமீனும் பறிபோகும். வாரண்டு பிறந்துவிட்டதா? வக்கீலுடன் சென்று ஆஜராகி, அதனை ரத்துச் செய்ய மனுக் கொடுப்பதே முறை.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று கலங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், இலவச உதவிக்கு உரியவர் யார் யார் என்று வரிசைப்படுத்துகிறது. பெண்களும், தாழ்த்தப்பட்டோரும், பழங்குடியினரும், காவலில் உள்ளோரும் மட்டுமல்ல. தொழிற்சாலைத் தொழிலாளியும் அதில் இருக்கிறார்! அது பிச்சையல்ல, உரிமை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள்.

அடுத்தது, காகிதங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 230ஆம் பிரிவுப்படி, முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலங்கள் உள்ளிட்ட நகல்களை நாம் ஆஜரான 14 நாட்களுக்குள் இலவசமாகத் தர வேண்டும். பக்கங்களை எண்ணிப் பாருங்கள். குறைந்தால் கேட்டு வாங்குங்கள். வழக்கில் சாரமில்லை என்றால் விடுவிக்கக் கோரி மனுப் போடலாம். மாஜிஸ்திரேட் முன்னுள்ள வாரண்டு வழக்குகளில், நகல் பெற்ற 60 நாட்களுக்குள் அதைப் போட்டாக வேண்டும். காலம் கடத்தலாகாது.

இனி, நாம் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருவோம். கோர்ட்டு வராந்தாவிலே ஒரு குரல் கேட்கும்: "ஏன் அலைகிறாய்? குற்றத்தை ஒப்புக்கொள். சில நூறு ரூபாய் அபராதம்; இன்றோடு தொல்லை தீர்ந்தது!" ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத தொழிலாளிக்கு இந்தக் குரல் இனிக்கத்தான் செய்யும். ஆனால் தீர்வது தொல்லையா? அபராதம் கட்டினாலும் அது தண்டனைதான்! நாளை சர்க்கார் உத்தியோகத்துக்கு மனுப் போடும்போது அந்தத் தண்டனை எதிரே வந்து நிற்கும். அடுத்த போராட்டத்தில், "இவர் ஏற்கெனவே தண்டனை பெற்றவர்" என்று அதே போலீசார் சுட்டிக்காட்டுவார்கள். செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று சொல்வது, கூட நின்ற தோழர்களின் வழக்கையும் குலைக்கும்.

நீதிபதி கேட்கும்போது விடை ஒன்றே: "நான் குற்றவாளி அல்ல, விசாரணை வேண்டும்."

விசாரித்தால் நிற்காத வழக்குகள் உண்டு. அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாக அந்நாளில் 188ஆம் பிரிவில் போலீசார் தாமே பதிந்த வழக்குகள் செல்லாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. அந்த ஊழியரே கோர்ட்டுக்கு எழுத்து மூலம் புகார் தர வேண்டும் என்பது சட்டம். இன்று அக்குற்றம் 223ஆம் பிரிவு, நிபந்தனையோ மாறவில்லை. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவருக்கு இந்தத் தீர்ப்பால் என்ன பயன்?

வரலாறும் இதையே சொல்கிறது. 1929இல் மீரத் சதி வழக்கில் முப்பதுக்கு மேற்பட்ட தொழிற்சங்கத் தலைவர்களைக் கூண்டில் ஏற்றியது வெள்ளை ஏகாதிபத்தியம். அவர்கள் கூண்டையே மேடையாக்கினார்கள். 1933இல் அப்பீலிலே முசாபர் அகமதுவின் ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை மூன்றாண்டாகச் சுருங்கிற்று. வழக்காடினார்கள், ஆகவே சுருங்கிற்று!

வழக்கு நடக்கையில் வாய்க்கும் காவல் வேண்டும். எதிர்த்தரப்புச் சாட்சிகளை நெருங்குவதும், வாட்ஸப்பிலே வீரம் பேசுவதும் நமக்கு நாமே வைக்கும் கண்ணி.

கிளைக் கழகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்வலத்துக்கு அழைத்துச் சென்ற நாம், வாய்தா நாளில் தோழரைத் தனியே விடலாமா? வாய்தாக் குறிப்பேடு ஒன்று வையுங்கள். ஜாமீன்தாரரைத் தேடிக் கொடுங்கள். கூலியிழந்த நாளில் அந்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். துணையிருந்தால் எந்தத் தொழிலாளியும் வராந்தாக் குரலுக்கு மயங்கமாட்டார். தலை நிமிர்ந்து கூண்டேறுவார், நிமிர்ந்தபடியே இறங்குவார்.