பெயர் தெரியாத நோய்

ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் மிகுந்திருந்தால் அதைக் குறைக்க மருந்து தருவதும், பயனில்லாதபோது கதிரியக்க அயோடின் அல்லது அறுவைச் சிகிச்சையை நாடுவதும் மருத்துவ வழக்கம். பெரும்பாலோருக்கு இது சரியான சிகிச்சைதான். ஆனால், ஏறத்தாழ 40 ஆயிரம் பேரில் ஒருவருக்குக் காணப்படும் 'தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பு நிலை'யில் இதே சிகிச்சை தீங்காகிவிடுகிறது.

இவர்களுக்கு ஹார்மோன் பஞ்சமில்லை. அதை ஏற்று வேலைசெய்யும் ஏற்பிப் புரதத்தில்தான் குறை. அக்குறையை ஈடுகட்டவே சுரப்பி கூடுதலாக உழைக்கிறது. சுரப்பியை அகற்றினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். 1967-இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ரெபெடாஃப் குழுவினர் முதன்முதலில் விவரித்த இந்நிலைக்குக் காரணமான பீட்டா ஏற்பியின் மரபணுக் கோளாறு 1989-இலும், வேறு அறிகுறிகளைக் கொண்ட ஆல்பா ஏற்பிக் கோளாறு 2012-இலும் தெரியவந்தன.

பீட்டா வகைக்கான துப்பு ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது. சாதாரண மிகைச் சுரப்பில் டி-4 உயர்ந்தால் டிஎஸ்எச் அடியோடு குறைந்துவிடும். இங்கோ குறையாமல் நிற்கும். பிட்யூட்டரி கட்டியாலும் இப்படி நேரலாம் என்பதால், ஐயம் தீர மரபணுச் சோதனை தேவை. ஆல்பா வகையிலோ டிஎஸ்எச் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அதை மட்டும் சோதித்தால், வளர்ச்சி குன்றிய குழந்தையும் 'குறையில்லை' என்ற சான்றுடன் வீடு திரும்ப நேரும்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் வந்தது. நிதியுதவியின் உச்சவரம்பு 2022-இல் ரூ. 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால், இது பற்றிப் பேசப்படும்போது பெரும்பாலும் மருந்தின் விலையும் நிதியுமே முன்னிற்கின்றன. நோயைக் கண்டறிவது பின்தள்ளப்படுகிறது. பெயர் தெரியாத நோய்க்கு எந்தத் தலைப்பில் நிதி ஒதுக்குவது?

'உம்மீத்' திட்டத்தின்கீழ் 2019 முதல் அரசு மருத்துவமனைகளில் மரபணு நோய்களைக் கண்டறியும் 'நிதான்' மையங்களை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை அமைத்தது. ஐயத்துக்குரிய ரத்த மாதிரிகள் மாவட்ட மருத்துவமனைகளிலிருந்து கட்டணமின்றி இத்தகைய மையங்களை அடைய வழிசெய்ய வேண்டும். டி-4 உயர்ந்தும் டிஎஸ்எச் குறையாத எவருக்கும், மறுபரிசோதனையின்றிச் சுரப்பியை அகற்றலாகாது என்ற வழிகாட்டுதலும் அவசியம்.

பீட்டா வகையினர் பலருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. தவறான சிகிச்சை தராமலிருப்பதே அவர்களுக்குச் சிறந்த சிகிச்சை. லட்சங்களை ஒதுக்க முன்வந்த அரசு, ஒரு ரத்தப் பரிசோதனைக்குத் தயங்கக் கூடாது.