பருமையோ, திறமையோ?

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தைக் கண்டோர் ஓருண்மையை அறிவர். தேரை இழுப்பன ஆயிரங் கைகள். அதனைத் திருப்புவதும் நிறுத்துவதுமோ சக்கரத்தின்கீழ்ச் சறுக்குக்கட்டை இடுவோரின் சாமர்த்தியமே. வலிமை வேறு, வலிமையை ஆளும் அறிவு வேறு.

இக்காலத்து மாணவரிற் பலர், அமெரிக்க நாட்டு 'மஸில் கார்' என்னும் முரட்டு மோட்டார் வண்டிகளின்மேற் பெருங்காதல் கொண்டுள்ளனர். 2006ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரக் கண்காட்சியில் வைக்கப்பெற்ற டாட்ஜ் சாலஞ்சர் மாதிரி வண்டி அத்தகையது. 'ஹெமி' எனப்படும் அதன் இயந்திரம் எட்டு உருளைகளும், 6.1 லிட்டர் கொள்ளளவும், 425 குதிரைத்திறனும் உடையது. உருளையின் தலைப்பாகம் அரைக்கோளத்தை ஒத்துக் குடையப்பட்டிருத்தலின், காற்றுப் புகும் வால்வும் புகை போகும் வால்வும் எதிரெதிரே அகலமாய் அமைகின்றன. ஒரு புறம் புகுந்த காற்று மறுபுறம் தடையின்றிச் செல்கிறது. நன்றாக மூச்சுவிடும் இயந்திரமே நன்றாக உழைக்கும் என்பது இதன் தத்துவம். இதனை நாம் மெச்சுகிறோம்.

ஆயினும் வியப்போடு நின்றுவிடுதல் தகுமோ? அவ்வெட்டு உருளைகளுள் ஒன்றன் அளவு ஏறத்தாழ 760 கன சென்டிமீட்டர். மாருதி 800 வண்டியின் மூன்று உருளைகளுஞ் சேர்ந்தே 796 கன சென்டிமீட்டர்தான். அச்சிற்றியந்திரத்தை ஒருவர் மட்டும் அமரும் இலகுவான வண்டியிற் பொருத்தி, 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தய வகையைக் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் உருவாக்கினார். இயந்திரம் எங்கும் கிடைப்பதாதலின் செலவு சுருங்கிற்று. இளைஞர் பலருக்கு வழி திறந்தது. 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்துப் பந்தயச் சாலை இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

ஃபார்முலா மாருதியிற் பயின்ற நாராயண் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய ஜோர்டான் வண்டியிலிருந்த டொயோட்டா இயந்திரம் 3 லிட்டரே. ஆற்றலோ 800 குதிரைத்திறனுக்கும் மேல். ஹெமியிற் பாதிப் பருமன், இருமடங்கு ஆற்றல்!

இஃது எங்ஙனம் கூடும்? முறுக்கு விசையைச் சுழற்சி வேகத்தாற் பெருக்கிவருவதே ஆற்றல். நம் பொருநை கங்கையைப்போற் பேராறு அன்று. எனினும் உயரத்தினின்று வீழ்தலின், பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் தருகிறது. அதுபோலவே, ஹெமி நிமிடத்திற்கு ஏறத்தாழ 6,000 சுற்றிற் காட்டும் வன்மையைப் பந்தய இயந்திரம் 18,000 சுற்றையொட்டிய வேகத்தால் வென்றுவிடுகிறது. ஆனால் இவ்வேகம் விலையின்றிக் கிடைப்பதன்று. சுழற்சி மும்மடங்காயின், அதே பிஸ்டன்மேல் விழும் விசை ஒன்பது மடங்காம். ஆதலின் பிஸ்டன் எடை குறைந்ததாகவும், அது ஏறியிறங்கும் தூரம் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும். இங்குதான் கணிதமும் கைத்தொழிலும் கைகோக்கின்றன.

பந்தயம் செல்வரின் விளையாட்டன்றோ, அதனால் ஏழைக்கு யாது பயன் என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. நாம் போற்றுவது பந்தயத்தையன்று. கைக்கெட்டிய சிறு பொருளைக்கொண்டு பெருஞ்செயல் முடிக்கும் மனத்தையே.

அம்மனம் இப்பள்ளத்தாக்கிலும் வேண்டும். பாளையங்கோட்டைப் பட்டறைகளில், ஓசையைக் கேட்டே இயந்திரத்தின் நோயைச் சொல்லும் இளைஞர் உளர்; அவருக்குச் சூத்திரம் தெரியாது. கல்லூரியிற் சூத்திரம் அறிந்தார் உளர். அவர் கையில் எண்ணெய்க்கறை பட்டதில்லை. இவ்விருவரும் அண்ணன் தம்பியராய் ஒரு மேசையருகே கூடாதவரை, பிறர் வகுத்த வண்டிகளுக்குத் திருகாணி முடுக்கும் வேலையே நமக்கு எஞ்சும். விடுமுறையிலேனும் நம் மாணவர் பட்டறை செல்க. பட்டறையாரும் நம் ஆய்வுக்கூடம் வருக. அவர்கள் கண்டறிவனவற்றை யாவர்க்கும் விளங்கும் நற்றமிழில் எழுதிவைத்தல் தமிழ் மாணவராகிய நம் கடன். அக்கடனை இவ்வாண்டே தொடங்குவோமாக.