கோடு அழியுமா?

வரைபடத்தில் கோடு போடுவது எளிது, அழிப்பதுதான் அரிது. 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடையவிருந்த வேளையில், அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் வரைபடத்தைப் பார்த்து, கொரிய நாட்டின் குறுக்கே 38-ஆம் அட்சக்கோட்டைக் குறித்தனர். வடக்கே சோவியத் படையும் தெற்கே அமெரிக்கப் படையும் ஜப்பானியரின் ஆயுதங்களைப் பெற்றுக்கொள்வதற்கான தற்காலிக ஏற்பாடு அது. 1948-இல் அக்கோட்டின் இருபுறமும் இரண்டு அரசுகள் எழுந்தன. 1950-இல் மூண்ட போர் 1953 ஜூலை 27 அன்று ஓய்ந்தது. ஓய்ந்தது என்றுதான் சொல்லலாம். சமாதான உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை.

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்புவதற்கென அமைந்த நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் ஜெனரல் திம்மய்யா. வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம் என்ற கைதிகள் சிலர் 1954-இல் இந்தியாவுக்கே வந்து சேர்ந்தனர். சொந்த நாடு இரண்டாகியும் அவர்களுக்கு ஒன்றும் இல்லாமற்போயிற்று!

“நீரடித்து நீர் விலகாது” என்பர் நம் முன்னோர். 1990 அக்டோபர் 3-இல் ஜெர்மனி ஒன்றானதே, கொரியா ஏன் ஒன்றாகாது என்று நாம் கேட்கலாம். ஆனால் ஜெர்மானியர் பிரிந்திருந்த காலத்திலும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதினர். இரு பகுதியினரும் ஒருவரோடொருவர் போர் புரியவில்லை. கிழக்கே ஒருவர் இருக்க, மேற்கே ஏறத்தாழ நால்வர் இருந்தனர். அப்படியிருந்தும் இணைப்பின் செலவுக்காகத் தனி வரி விதிக்க வேண்டியதாயிற்று. கொரியாவிலோ வடக்கே ஒருவருக்குத் தெற்கே இருவரே.

செலவு மட்டுமா சிக்கல்? இணைந்த நாட்டை ஆள்வது யார்? வடக்கே ஒரே குடும்பம் மூன்று தலைமுறையாக ஆள்கிறது. தெற்கே மக்கள் வாக்களித்துத் தலைவரை மாற்றுகின்றனர். வடக்கின் அணு ஆயுதங்கள் யார் கைக்குப் போகும்? தெற்கிலுள்ள அமெரிக்கப் படை தன் எல்லைவரை வருவதைச் சீனா பொறுக்குமா? 1972-இல் கூட்டறிக்கை வந்தது. 2000-இலும் 2018-இலும் தலைவர்கள் கைகுலுக்கினர். ஒவ்வொரு முறையும் நம்பிக்கை துளிர்த்துக் கருகியது. 2024 தொடக்கத்தில் வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன், தெற்கைப் பகை நாடாகவே கருத வேண்டும் என்று அறிவித்தார். பியாங்யாங்கில் நின்ற இணைப்பு வளைவும் இடிக்கப்பட்டது. தெற்கிலும் இளைஞர் பலர் இணைப்பை எண்ணித் தயங்குகின்றனர். முகமறியா உறவுக்காகச் சுமை தாங்கத் தயங்குவோரை நாம் பழிக்க இயலாது.

ஆயினும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. அரசுகள் காத்திருக்கலாம், முதியோர் காத்திருக்க இயலாது. 1983-இல் தென்கொரியத் தொலைக்காட்சி, போரில் சிதறிய குடும்பங்களைத் தேடும் நிகழ்ச்சியை நடத்தியபோது, பெயரெழுதிய அட்டைகளை ஏந்தி மக்கள் திரண்டனர். தெற்கிலேயே வாழ்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடினர். எல்லைக்கு அப்பாலுள்ள உறவினரைக் காண 1,30,000-க்கு மேற்பட்டோர் பதிவு செய்தனர். 2000 முதல் 2018 வரை நேரில் சந்திக்க நடந்த ஏற்பாடுகள் 21 மட்டுமே. பதிவு செய்தோரில் பெரும்பாலோர் இன்று உயிருடன் இல்லை. இச்சந்திப்புகளை அரசுகள் பேரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்பர் சிலர். உண்மையே. அதனாலன்றோ அவற்றைப் பேரத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறோம்! இணைப்பு எப்போது வருமென எவரும் அறியார். தம்பி உயிரோடிருக்கிறானா என்று அறிய ஒரு தமக்கைக்கு ஒரே நாடு வேண்டியதில்லை. ஒரு கடிதம் போதும்.

சியோல் பேராயரே பியாங்யாங் மறைமாவட்டத்தின் நிர்வாகப் பொறுப்பையும் இன்றும் ஏற்றிருக்கிறார். அங்கே குடியிருந்து பணியாற்ற வழியில்லாவிடினும் திருச்சபை அம்மந்தையைக் கைவிடவில்லை. 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சியோல் பேராலயத்தில் சமாதானத்துக்காகத் திருப்பலி நிறைவேற்றியபோது, மன்னிப்பையே ஒப்புரவின் வாசலாகக் காட்டினார். இறைவாக்கினர் எசேக்கியேல் கையில் இரு கோல்கள் ஒன்றாயின. அவற்றை ஒன்றாக்கியவர் இறைவன். சேர்த்துப் பிடித்ததோ மனிதனின் கை. கொரிய மக்களுக்காக நாம் செபிக்கையில், அத்தகைய கைகள் இருபுறமும் எழ வேண்டுமென்றே செபிப்போமாக.