வசையும் வாதமும்

மேடையேறியவர் எதிராளியின் கொள்கையை விடுத்து அவருடைய நிறத்தையும் உடற்குறையையும் பேசினால் கைதட்டல் கிடைக்கும், கேள்வி தப்பிவிடும். அமைச்சரின் கையூட்டைப் பற்றிக் கேட்பது வசையன்று. அவர் தாயை இழுப்பதே வசை.

1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எண்ணிப் பார்ப்போம். ஊர்ப்புறப் பள்ளிகளில் படிப்பு நேரம் குறைந்தது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார்கள். எதிர்த்தவர்கள் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டனர். பெரியார் முன்னின்று போராடினார். கடுமையான சொல்தான், ஆயினும் அது சுட்டியது மனிதரை அன்று, திட்டத்தை. குயவர் மகன் குயவராகவே இருந்துவிட வேண்டுமா என்ற வினாவைக் கடந்து எவராலும் செல்ல இயலவில்லை. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

அக்கால மேடைகள் அனைத்தும் தூயவை என நாம் சொல்ல வரவில்லை. ஏச்சும் இருந்தது; திட்டத்தை வீழ்த்தியது அதுவன்று. 1972 டிசம்பரில் இராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் இறுதிச் சடங்கிற்கு வந்து கண்ணீர் வடித்தார்.

நம் பேச்சுப் போட்டிகளில் குரலுக்கும் நடைக்கும் மதிப்பெண் இடுகிறோம். எதிரணியின் வாதத்தைத் திரிக்காமல் எடுத்துரைத்த பின்னரே மறுப்பவருக்கும் சில மதிப்பெண்களை ஒதுக்கலாமே!